துணியில் விழும் சேதங்களும் அவற்றின் அடையாளங்களும்

விற்ற துணியொன்று சில மாதங்களுக்குப் பின் கிழிந்த நிலையில் சங்கத்திற்குத் திரும்பி வருவது நம் அங்கத்தினர் யாவரும் அறிந்த காட்சியே. வாங்கியவர் “நெசவு சரியில்லை” என்கிறார். விற்பனை நிலையத்தார் அதை அப்படியே எழுதி அனுப்பிவிடுகின்றனர். துணியோடு உள்ள சீட்டைக் கொண்டு அதை நெய்தவர் யார் என்று கண்டுபிடிப்பது எளிது. அது ஏன் கிழிந்தது என்று கண்டுபிடிப்பது அத்தனை எளிதன்று. ஆகவே எளிதான காரியம் முதலில் நடந்துவிடுகிறது. நெய்தவரின் கூலியில் ஒரு பகுதி நின்றுவிடுகிறது.

விழுப்புரம் வட்டாரத்தில் நாம் நேரில் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம். பட்டுச் சேலையொன்று முந்தானையின் குறுக்கே இரண்டு சாண் நீளத்திற்கு விட்டுப்போய்த் திரும்பி வந்தது. நெய்தவருக்குக் கூலி நிறுத்தப்பட்டது. அறுபது ஆண்டு தறியில் அமர்ந்த முதியவர் ஒருவர் அச்சேலையை வாங்கி, கிழிந்த இடத்தைப் பார்ப்பதற்கு முன்னர், முழுவதையும் திண்ணையில் விரித்துப் போடச் சொன்னார். கிழிசல் ஓரிடத்தில்தான் இருந்தது. ஆனால் அதே குறுக்குவாட்டில், ஒரே இடைவெளி விட்டு, வேறு நான்கு இடங்களில் பட்டு நைந்திருந்தது. அந்த இடைவெளி மடிப்பின் அகலம். மேலும், மேற்புறமாக இருந்த மடிப்பின் நிறம் மற்றப் பகுதிகளைவிட வெளுத்திருந்தது. பாவு நூல் தறியில் அறுந்தால் குறை நீளவாட்டில்தான் ஓடும். மடிப்புக்கு மடிப்பு குறுக்கே தோன்றாது. சேலை வெகுநாள் ஒரே மடிப்பில், கடையின் கண்ணாடிப் பேழையில் வெயில் படும்படி இருந்திருக்கிறது என்பது விசாரித்தபோது தெரிய வந்தது. நிறுத்திய கூலி மறு மாதமே கொடுக்கப்பட்டது.

அன்று அந்த முதியவர் திண்ணையில் இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும்? சேதத்தின் அடையாளங்களை நெசவாளர், குமாஸ்தா, விற்பனையாளர் ஆகிய எல்லோரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும் என்னும் எண்ணத்தினாலேயே இதனை எழுதுகிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது நூலின் முனை. துணி எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே நூல்முனைகள் எப்படி இருக்கின்றன என்பதை, நூல் எண்ணும் பூதக்கண்ணாடியால் நோக்கினால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். கத்தரியோ பிளேடோ பட்டிருந்தால் முனைகள் ஒரே மட்டமாக நிற்கும். உராய்ந்து தேய்ந்திருந்தால் தூரிகையின் நுனிபோலப் பிசிர் விட்டுப் பரந்திருக்கும். சுற்றியுள்ள துணியும் மெலிந்து, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் மாவு சலிக்கும் சல்லடைபோலத் தோன்றும். ஆணியில் மாட்டி இழுபட்டிருந்தால் முனைகள் நீளமும் குட்டையுமாக இருக்கும். அக்கம்பக்கத்து நூல்கள் இடம்விட்டு நகர்ந்திருக்கும். மருந்தோ அமிலமோ பட்டு இற்றிருந்தால் முனையை விரலிடையே வைத்துத் தேய்க்கும்போதே பொடியாக உதிரும். நெருப்புப் பொறி பட்டிருந்தால் பருத்தியில் பழுப்பு விளிம்பும், பாலியெஸ்டர் கலந்த துணியில் கடினமான சிறு மணியும் காணப்படும்.

இவற்றுள் அமிலத்தைப் பற்றி விவசாய அங்கத்தினர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிராக்டர் பாட்டரியின் அமிலம் ஒரு துளி வேட்டியில் பட்டால் அப்போது ஒன்றும் தெரிவதில்லை. நீர் ஆவியாக ஆக அமிலம் உறைத்துப் பஞ்சிழையை அரிக்கிறது. அடுத்த சலவையில் அந்த இடம் ஓட்டையாகிவிடுகிறது. வீட்டார் சலவைக்காரரைக் கடிந்துகொள்வர். சலவைக்காரர் நெசவைக் குறை கூறுவார். பாட்டரியை யாரும் நினைப்பதில்லை. பட்டவுடன் நிறைய நீரில் அலசி, சலவைச்சோடா கரைத்த நீரில் ஒருமுறை முக்கி எடுத்து மறுபடியும் அலசினால் பருத்தித் துணி பெரும்பாலும் தப்பிவிடும்.

பட்டின் இயல்போ இதற்கு நேர்மாறானது. பருத்திக்குப் பகை அமிலம். பட்டுக்குப் பகை காரம். வெள்ளாவியில் உவர்மண்ணோடும் சோடாவோடும் வெந்து வெளுப்பாக வரும் பருத்தி வேட்டியைப் பார்த்துவிட்டு, அதே முறையைப் பட்டுக்குக் கையாண்டால் பட்டு மெருகிழந்து, சொரசொரத்து, நாளடைவில் இற்றுப்போகும். பிளீச்சிங் பவுடர் கரைசலோ பட்டைக் கரைத்தே விடும். பூந்திக்கொட்டை நுரையில் பட்டை அலசிய நம் பாட்டிமார் ரசாயனம் படித்தவர்கள் அல்லர். எனினும் அவர்கள் செய்தது சரியே.

இனித் தறியில் நேரும் குறைகளுக்கு வருவோம். நெசவாளரிடம் குறையே இல்லை என்று வாதிப்பது நம் நோக்கமன்று. பாவு இழை அறுந்ததைக் கவனியாமல் நெய்துவிட்டால் நீளவாட்டில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அச்சுப்பல் வளைந்திருந்தால் அதே கோடு துணி முழுமைக்கும் ஒரே இடத்தில் தொடரும். ஊடை ஒன்று விட்டுப்போனாலும், தார் மாற்றும்போது நூல் சரியாகச் சேராவிட்டாலும், குறுக்கே ஒரு சந்து தோன்றும். இரவு தறியை நிறுத்திக் காலையில் தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு தடித்த பட்டையோ மெல்லிய பட்டையோ விழுவது புதிதாகத் தறி ஏறுவோர் எல்லோருக்கும் நேர்வதுதான். விழுது பின்னிக்கொண்டாலோ பாவு தளர்ந்தாலோ ஊடை சில இழைகளைத் தாண்டி மேலே மிதக்கும். அது ஓட்டை ஆகாவிட்டாலும், மோதிரமோ வளையலோ மாட்டினால் இழுபட்டு ஓட்டையாகிவிடும்.

இவை யாவும் துணி தறியை விட்டு இறங்கும்போதே கண்ணுக்குத் தெரிபவை. துணியை மடிப்பதற்கு முன் வெளிச்சத்திற்கு எதிரே ஒருமுறை இழுத்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிடித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் போவது ஒன்றுதான்: ஊடை போதாமை. அங்குலத்திற்கு இத்தனை ஊடை என்று கணக்கிட்டுத் தந்த நூலில் சில இழை குறைத்து நெய்தால் துணி அப்போதைக்கு நன்றாகவே இருக்கும்; கஞ்சியும் அதை மறைத்துவிடும். முதல் சலவையில் கஞ்சி போனதும், தைத்த இடங்களிலும் இழுபடும் இடங்களிலும் நூல் விலகத் தொடங்கும். இரு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்துத் துணியை அழுத்தித் தள்ளிப் பார்த்தால், நூல் விலகுமா விலகாதா என்பது அரை நிமிடத்தில் தெரியும். இங்கே நூல் அறுவதில்லை, நகர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தக் குறைக்கு நெசவுத் தரப்பினரே பொறுப்பு.

உடுத்தித் தேய்வது பற்றி அதிகம் கூறத் தேவையில்லை. லுங்கி உட்காரும் இடத்திலும், வேட்டி மடித்துக் கட்டும் இடத்திலும், சட்டை கழுத்துப் பட்டையிலும், சேலை தரையில் இழைபடும் கீழ்க்கரையிலும் தேயும். பிற இடங்களில் துணி திடமாக இருந்து இந்த இடங்களில் மட்டும் மெலிந்திருந்தால், அத்துணி தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். கல்லில் அடித்துத் துவைப்பதால் நேரும் தேய்வு மடிப்பு முனைகளில் திட்டுத் திட்டாகத் தெரியும். வியர்வைப்பட்ட பட்டு ரவிக்கையின் அக்குள் வெடிப்பது தையற்காரரின் பிழையன்று. வியர்வையின் உப்பு பட்டின் வலுவையும் சாயத்தையும் ஒருங்கே கெடுக்கிறது. உடுத்திய அன்றே நல்ல நீரில் அலசிவிடுதல் நலம். மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய ஊர்களில் கிணற்று நீரே உவர்ப்பாக இருக்குமாகையால், கடைசி அலசலுக்காவது மழைநீரோ நன்னீரோ பயன்படுத்த வேண்டும். நூலில் தங்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

சாயத்தைப் பற்றி வரும் புகார்களே எண்ணிக்கையில் அதிகம். சாயம் போகிறது என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகின்றனர். ஆனால் நீரில் கசிவது வேறு, உராய்வில் ஒட்டுவது வேறு, வெயிலில் வெளுப்பது வேறு. ஒன்றில் தேறிய சாயம் மற்றொன்றில் தவறலாம். சாயச் சோதனைக் கூடங்களிலும் சலவைக்கும் உராய்வுக்கும் 1 முதல் 5 வரையிலும், வெயிலுக்கு 1 முதல் 8 வரையிலுமாகத் தனித்தனியே மதிப்பெண் இடுகின்றனர். நாப்தால் சிவப்பு நீரில் நன்றாக நிற்கும். எனினும் சாயமிட்டபின் சோப்பு நீரில் கொதிக்கவைத்து மேற்பூச்சை அகற்றாவிட்டால் வெள்ளைத் துணியில் உரசும்போதெல்லாம் ஒட்டும். ரியாக்டிவ் சாயமும் இப்படியே. நூலோடு சேராமல் எஞ்சிய சாயத்தைப் பல முறை அலசிப் போக்கவேண்டும். நீரையும் விறகையும் மிச்சம் பிடிக்க இரண்டு அலசலைக் குறைத்த சாயப்பட்டறையின் பிழை, ஆறு மாதங் கழித்து நெசவாளரின் தலையில் வந்து விழுகிறது. சாயம் ஏறிய சிட்டம் சங்கத்திற்கு வந்தவுடனேயே, நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

சாயம் கசிவதையே சிறப்பாகச் சொல்லி விற்ற காலமும் உண்டு. 1960களில் நம் பக்கத்துக் கைத்தறிக் கட்டத் துணிகள் அமெரிக்காவில் ‘பிளீடிங் மெட்ராஸ்’ என்ற பெயரில் விற்பனையாயின. ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதிய சாயல் பெறும் என்று அங்கே விளம்பரம் செய்தனர்; மக்களும் விரும்பி வாங்கினர். நம் ஊர் வாடிக்கைக்காரரிடம் அந்த விளம்பரம் செல்லாது.

இனி ஈரத்திற்கு வருவோம். இந்த மாவட்டத்தாருக்கு ஈரத்தின் சேதத்தை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரை கடந்தபோது, திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தென்பெண்ணை கரை புரண்டது. விக்கிரவாண்டியை அடுத்த பாலத்தில் வெள்ளம் ஏறியதால் ரயில்களும் நின்றன. இத்தகைய மழையில் குழித்தறியின் குழிகள் கிணறுகளாகிவிடும். தறியில் ஏற்றிய பாவும் படைமரத்தில் சுற்றிய துணியும் நனையும். வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் கல்யாணச் சேலைக்கும் அதே கதிதான்.

நனைந்த துணியைக் கையாளுமுன் ஒரு விஷயத்தை நினைவிற் கொள்ள வேண்டும். பருத்தி நூல் நனைந்தால் சற்று வலுவடைகிறது. பட்டு நனைந்தால் தன் வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. ரேயான் பாதியளவை இழக்கிறது. ஆதலால் நனைந்த ஜரிகைச் சேலையை ஒரு முனையில் பிடித்துத் தூக்குவதும் கொடியில் தொங்கவிடுவதும், நீரின் கனமும் ஜரிகையின் கனமும் சேர்ந்து அதைக் கிழிக்க நாமே இடங்கொடுப்பதாகும். இரு கைகளையும் அடியிற் கொடுத்துத் தூக்கி, பாயிலோ கட்டிலிலோ வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும்.

சேறு படிந்த துணியை அப்படியே காயவிடுதல் கூடாது. வண்டல் காய்ந்தால் நூலுக்குள் மணல்தாள்போல இருந்து, அசையும்போதெல்லாம் இழையை அறுக்கும். ஈரமாக இருக்கும்போதே தேய்க்காமல், நல்ல நீரில் தோய்த்துத் தோய்த்துச் சேற்றை வெளியேற்றிய பிறகே காயவைக்க வேண்டும். வண்ணத் துணியையும் வெள்ளையையும் முதல் காரியமாகப் பிரித்துவிட வேண்டும். வெள்ளத்திற்குப் பின் தெருவெங்கும் பிளீச்சிங் பவுடர் தூவப்படுவது வழக்கம். அந்த நீரும் கையும் பட்டை நெருங்காதபடி பார்த்துக்கொள்ளுதல் அவசியம்.

இரண்டு நாட்களுக்குள் உலராத பருத்தித் துணியில் பூஞ்சணம் பற்றத் தொடங்கும். முதலில் வாடை, பிறகு சாம்பல் நிறப் புள்ளிகள், கடைசியில் கரும்புள்ளிகள் தோன்றும். புள்ளி என்பது வெறுங் கறையன்று. பூஞ்சணம் பருத்தி இழையையே உணவாகக் கொள்கிறது. கஞ்சிபோட்ட துணி என்றால் அதற்கு விருந்துதான். ஆகையால் நெடுநாள் வைக்கப்போகும் துணியைக் கஞ்சியில்லாமல் வைப்பதே முறை. பூஞ்சணம் பற்றியதைத் துடைத்துத் தேய்க்காமல், முதலில் நன்றாக உலர்த்தி, வீட்டிற்கு வெளியே மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டுப் பிறகு அலச வேண்டும். கரும்புள்ளி பெரும்பாலும் முழுவதும் போகாது. அதைப் போக்குவதாகச் சொல்லி விற்கும் கடுங்காரச் சரக்குகள் கறையோடு துணியையும் சேர்த்தே போக்கிவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

மடித்த துணியின் ஒரு மூலை மட்டும் நனைந்து காய்ந்தால், ஈரம் சென்று நின்ற எல்லையில் பழுப்புக் கோடு ஒன்று விழும். நூலிலிருந்த அழுக்கையும் கஞ்சியையும் நீர் எல்லைவரை இழுத்துச்சென்று விட்டுவிடுவதே அதற்குக் காரணம். இதனைச் சாயக்குறை என்றும் எண்ணெய்க் கறை என்றும் எழுதி அனுப்புவோர் பலர். பருத்தித் துணியானால் முழுத் துணியையும் ஒருசேர நனைத்து அலசினால் கோடு மங்கும்.

இரும்புத் துருவின் கறை செம்பழுப்பாக, பெட்டியின் விளிம்பு பட்ட இடத்திலேயே இருக்கும். அது நிறத்தோடு நிற்பதில்லை; இரும்பு உடனிருந்து ஆண்டுக்கணக்கில் பஞ்சிழையை இற்றுப்போகச் செய்கிறது. பழைய கலங்காரித் துணிகளில் சிவப்பும் நீலமும் நிலைத்திருக்க, இரும்புக் காடியால் தீட்டிய கறுப்புக் கோடுகள் மட்டும் அற்று விழுந்திருப்பது இதனாலேயே. பெட்டிக்குள் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதன்மேல் துணிகளை அடுக்கினால் போதும்.

சிறுவந்தாடு போன்ற பட்டு நெய்யும் ஊர்களில் உள்ள அங்கத்தினர்கள் தம் வாடிக்கைக்காரருக்குச் சொல்லியனுப்ப வேண்டியது மடிப்பைப் பற்றியே. பட்டு ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்காக இருந்தால் அம்மடிப்பில் முறியும்; கனத்த ஜரிகை உள்ள இடத்தில் விரைவாக முறியும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைத்தால் இச்சேதம் வெகுவாகக் குறையும். ஜரிகை கறுப்பது வேறு விஷயம். வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்தால் கறுக்கும். ரப்பர் வளையமிட்டுக் கட்டுவதும், பட்டாசுப் புகை படுவதும் அதற்கு ஏதுவாகும். பச்சை பூத்தால் உள்ளே செம்பு இருக்கிறது என்று பொருள். அப்போது விசாரிக்கப்பட வேண்டியது ஜரிகை வாங்கிய கணக்கே, நெசவாளர் அல்லர். பாச்சை உருண்டையை ஜரிகையில் படும்படி போடாமல் சிறு துணியில் முடிந்து ஓரத்தில் வைக்க வேண்டும். குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளாதபடி எச்சரிக்கையும் தேவை. பிளாஸ்டிக் உறையில் மூடிவைப்பது ஈரத்தையும் உள்ளேயே பூட்டிவைப்பதாகும்.

பூச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இராமபாணப்பூச்சி கஞ்சிக்காக மேற்பரப்பைச் சுரண்டும். ஓட்டையின் ஓரம் ஒழுங்கற்று, சுற்றிலும் துணி மெலிந்திருக்கும். கம்பளியையும் பட்டையும் தின்னும் புழுக்கள் தெளிவான சிறு ஓட்டைகளாகப் போடும். அழுக்கும் வியர்வையும் உள்ள இடத்தையே முதலில் நாடும். கரையான் மண்ணோடு வரும். அதில் ஐயத்திற்கே இடமில்லை.

விவசாயிகளின் துணி என்று நாம் சாக்கைச் சொல்வோம். விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு மணிலாவும் நெல்லும் ஏற்றி வரும் சாக்குகளிலும் இதே விதிகள்தாம் நடக்கின்றன. சணல் சாக்கு வெயிலை ஓரளவு தாங்கும், ஈரத்தில் மட்கும். பிளாஸ்டிக் இழைச் சாக்கு ஈரத்தில் மட்காது. களத்து வெயிலில் சில மாதம் கிடந்தால் கையோடு துகளாக உதிரும். அதன் துகள் தானியத்தில் கலக்கிறது. கொக்கி போட்டு இழுத்த சாக்கின் ஓட்டையில் நூல்கள் அறாமல் விலகியிருக்கும். எலி கடித்ததில் அறுந்திருக்கும். சணல் சாக்கில் கரும்புள்ளி கண்டால் சாக்கோடு நிறுத்தாமல் உள்ளிருக்கும் பருப்பையும் பார்க்க வேண்டும். மணிலாவில் பற்றும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஏராளமாக மடிந்தபோது, அவற்றிற்கிட்ட கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்ததன் வழியாகத்தான் அந்நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. ஈரச்சாக்கை மலிவு என்று வாங்கி விதைமணிலா கட்டிவைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திரும்பி வரும் துணிக்குச் சங்கத்தில் ஒரு குறிப்பேடு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கிழிசல் நீளவாட்டிலா குறுக்கா, மடிப்பின்மேல் உள்ளதா இல்லையா, நூல்முனை எப்படி இருக்கிறது, நிறம் எங்கெங்கு மாறியிருக்கிறது, வாங்கியபின் எத்தனை முறை, எதைக் கொண்டு சலவை செய்தனர் என்பவற்றை, துணியை முழுவதும் விரித்துப் பார்த்து, நெய்தவரையும் உடன் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். அதுவரை கூலியில் கை வைத்தல் ஆகாது. மேலும், ஒவ்வொரு பாவு முடியும்போதும் கையகலத் துண்டு ஒன்றையும், சாயமிட்ட நூலில் ஒரு சிறு முடியையும் எடுத்து, தேதியிட்டு, இருட்டான இடத்தில் வைத்திருந்தால், திரும்பி வந்த துணியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாம் முதலில் சொன்ன சேலைக்கு அப்படியொரு துண்டு இருந்திருக்குமானால், நிறம் வெளுத்தது எங்கே என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த நெசவாளர் ஒரு மாதக் கூலிக்காகக் காத்திருக்க நேர்ந்திராது.